காயப்பட்டவரே காயத்தை நிரூபிக்க வேண்டுமா? அமெரிக்க முன்னாள் படையினரின் அனுபவம் சொல்லும் பாடம்

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்க இராணுவம் என்ன செய்தது என்பதை நமது வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த யுத்தங்களிலிருந்து அங்கவீனத்தோடும் நோயோடும் திரும்பிய சிப்பாய்கள், தமது சொந்த அரசாங்கத்தோடு வருடக்கணக்கில் நடத்தும் இன்னொரு போராட்டம் இங்கு அதிகம் பேசப்படுவதில்லை. அது விண்ணப்பப் படிவங்களோடும் வைத்திய அறிக்கைகளோடும் நடக்கும் போராட்டம்.

பிரதேச செயலகம் ஒன்றின் சமூக சேவைப் பிரிவில் பல வருடங்கள் கடமையாற்றியவன் என்ற வகையில் இந்த விடயத்தை நான் தொடர்ந்து கவனித்து வருகிறேன். நாடும் பணமும் வேறு. ஆனால் பிரச்சினையின் வேர் நமக்கு நன்கு பழக்கமானது. பாதிப்பை நிரூபிக்கும் சுமை, பாதிக்கப்பட்டவரின் தலையிலேயே வைக்கப்படுகிறது.

முறைமை எப்படி இயங்குகிறது?

அமெரிக்காவில் முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களமே அங்கவீனக் கொடுப்பனவுகளை வழங்குகிறது. ஐந்து மில்லியனுக்கும் அதிகமானோர் இதனைப் பெறுகின்றனர். பொதுவாக விண்ணப்பதாரி மூன்று விடயங்களைக் காட்ட வேண்டும். இப்போது தனக்கு நோய் அல்லது அங்கவீனம் இருக்கிறது. சேவைக் காலத்தில் அதற்குக் காரணமான ஒரு சம்பவம் நடந்தது. இவை இரண்டுக்கும் இடையில் தொடர்பு இருப்பதாக வைத்திய அபிப்பிராயம் உண்டு. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

ஏற்றுக்கொள்ளப்பட்டால் அங்கவீனத்துக்கு 0 முதல் 100 வரை, பத்துப் பத்தாக ஒரு வீதம் வழங்கப்படும். 2025 ஆம் ஆண்டில் 10 வீதத்துக்கு மாதாந்தம் சுமார் 175 டொலரும், தங்கி வாழ்வோர் எவருமில்லாத ஒருவருக்கு 100 வீதத்துக்கு சுமார் 3,831 டொலரும் கிடைத்தன. ஒன்றுக்கு மேற்பட்ட பாதிப்புகள் இருந்தால் வீதங்களை நேரடியாகக் கூட்டுவதில்லை. முதற் பாதிப்புக்கு 50 வீதம் என்றால், எஞ்சியிருக்கும் 50இல்தான் இரண்டாவது பாதிப்பின் 30 வீதம் கணக்கிடப்படும். அது 15. ஆக மொத்தம் 65. அதை 70 ஆக்குவார்கள். முதுகும் காதும் மனமும் சேர்ந்து பாதிக்கப்பட்ட ஒருவருக்கு இந்தக் கணக்கு விளங்குவதே கஷ்டம். இதற்கு அடிப்படையான மதிப்பீட்டு அட்டவணை 1945இல் உருவானது. இடையிடையே திருத்தப்பட்டாலும் அதன் கட்டமைப்பு அன்றைய உழைப்புச் சந்தையை மனதில் வைத்தே அமைந்தது.

தாமதம் வேறு. 125 நாட்களைக் கடந்தும் முடிவு கிடைக்காத விண்ணப்பங்களின் எண்ணிக்கை 2013 மார்ச்சில் 6 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. பின்னர் அது வெகுவாகக் குறைக்கப்பட்டது. மேன்முறையீட்டு முறையையும் 2017இல் சட்டம் மூலம் மாற்றினார்கள். இருந்தும், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தோடு மீண்டும் மீண்டும் அலைவோரின் குறை ஓயவில்லை.

ஆவணம் அரசிடம், பொறுப்பு சிப்பாயிடம்

1973 ஜூலை 12ஆம் திகதி, சென். லூயிஸ் நகருக்கு அருகில் இருந்த தேசிய ஆளணி ஆவண நிலையத்தில் தீப்பற்றியது. 16 முதல் 18 மில்லியன் வரையான படையினரின் கோவைகள் அழிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையில் இராணுவத்திலிருந்து விலகியோரின் கோவைகளில் சுமார் 80 வீதம் அதில் அடங்கும். எரிந்தது அரசாங்கத்தின் பாதுகாப்பில் இருந்த ஆவணம். ஆனால் தான் எங்கே காயப்பட்டேன் என்பதற்கு மாற்று ஆதாரம் தேடி அலைய வேண்டியிருந்தது சிப்பாய்க்கும் அவரது குடும்பத்துக்கும்தான்.

நச்சுப் பொருட்களின் கதையும் இதுபோன்றதே. வியட்னாமில் 1962 முதல் 1971 வரை ‘ஏஜன்ட் ஒரேன்ஜ்’ உள்ளிட்ட களைநாசினிகள் விசிறப்பட்டன. அதில் நனைந்தவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய்கள் வந்தபோது, நோய்க்கும் இரசாயனத்துக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்கச் சொன்னார்கள். குறிப்பிட்ட நோய்கள் சேவையின் விளைவே என்று முன்கூட்டியே ஏற்றுக்கொள்வதற்கான சட்டம் 1991இல்தான் வந்தது. விசிறல் நின்று இருபது வருடங்களின் பின்னர்.

அதே தவறு ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் திரும்ப நடந்தது. முகாம்களின் பிளாஸ்டிக், மருத்துவக் கழிவு, இரசாயனம் எல்லாவற்றையும் திறந்த குழிகளில் போட்டு எரித்தார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் நுரையீரல் நோயோடு வந்து விண்ணப்பித்தபோது பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. எந்த நாளில், எந்தப் புகை, எந்த நோயைத் தந்தது என்று ஒரு தனிமனிதர் எப்படி நிரூபிப்பார்? 2022 ஜூலை இறுதியில் இதற்கான சட்டமூலம் செனட் சபையில் தடைப்பட்டபோது, முன்னாள் படையினர் பாராளுமன்றக் கட்டடத்தின் படிகளிலேயே இரவுகளைக் கழித்தார்கள். சில நாட்களில் அது 86க்கு 11 என்ற வாக்குகளால் நிறைவேறியது. ஆகஸ்ட் 10ஆம் திகதி ஜனாதிபதி பைடன் கையொப்பமிட்டார்.

இதே புகையை ஈராக்கிய மக்களும் சுவாசித்தார்கள். இதே களைநாசினி வியட்னாமிய விவசாயிகளின் வயல்களிலும் விழுந்தது. இந்தக் கொடுப்பனவுத் திட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. அந்த அநீதியை மறந்துவிட்டு இந்த விடயத்தைப் பேச முடியாது. தனது சொந்தச் சிப்பாயையே அலைய வைத்த முறைமை, பிறரின் காயத்தைக் கணக்கில் எடுக்காததில் வியப்பில்லை.

காயத்தை அல்ல, வருடத்தை எண்ணும் சட்டம்

இன்னொரு நீண்டகாலக் குறை ஓய்வூதியம் பற்றியது. யுத்தத்தில் காயப்பட்டு, 20 வருட சேவையைப் பூர்த்தி செய்ய முன்னரே வைத்தியக் காரணங்களால் ஓய்வுபெற்றவருக்கு, அங்கவீனக் கொடுப்பனவாகக் கிடைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் இராணுவ ஓய்வூதியத்திலிருந்து ஒரு டொலர் கழிக்கப்படுகிறது. ஒன்று செய்த சேவைக்கானது, மற்றது இழந்த உடல்நலத்துக்கானது. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது ஏன் என்பதே அவர்களின் கேள்வி. 50,000க்கும் அதிகமானோர் இதனால் பாதிக்கப்பட்டுள்ளனர்.

இதை மாற்றுவதற்கான சட்டமூலம், புற்றுநோயால் 2021இல் மரணித்த மேஜர் ரிச்சர்ட் ஸ்டாரின் பெயரைத் தாங்கியது. 2023-2024 காலப்பகுதியில் 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையில் 300க்கும் மேற்பட்டோர் அதற்கு அனுசரணை வழங்கினார்கள். அப்படியிருந்தும் அக்காலத்தில் அது சட்டமாகவில்லை. சொல்லப்பட்ட முக்கிய காரணம் செலவு.

இது நமக்குத் தெரியாத கதையல்ல. 2017, 2018 ஆம் ஆண்டுகளில் கொழும்பு கோட்டைப் பகுதியில் அங்கவீனமுற்ற நமது இராணுவத்தினர் வீதிக்கு இறங்கியதும் இதே போன்ற கோட்டுக்கு எதிராகத்தான். காயம் காரணமாக 12 வருட சேவையைப் பூர்த்தி செய்ய முடியாமல் விலகிய தமக்கும் ஓய்வூதியம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். கண்ணிவெடி சேவைக்கால வருடங்களைப் பார்த்து வெடிப்பதில்லை.

மோசடி நடக்காதா?

சீர்திருத்தம் பேசும்போதெல்லாம் எழும் கேள்வி இது. அமெரிக்காவிலும் கொடுப்பனவு தாராளமாகிவிட்டது, சிலர் நோயைப் பெரிதுபடுத்துகிறார்கள் என்ற விமர்சனம் உண்டு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் முறைமை சிக்கலாக இருப்பதுதான் தரகர்களை வளர்க்கிறது. அனுமதியின்றி விண்ணப்பத்துக்குப் பணம் அறவிடுவோருக்கான குற்றவியல் தண்டனை 2006இல் நீக்கப்பட்டதன் பின்னர், அங்கு பல நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான டொலர்களை வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பிக் கொடுக்கின்றன. படிவம் எளிதாக இருந்தால் இந்த வியாபாரத்துக்கு இடமேது?

நாம் எடுக்க வேண்டிய பாடம்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் உடுத்த உடுப்போடு வந்தவர்கள். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைத்தியசாலைத் துண்டும் எடுத்து வர எவருக்கு அவகாசம் இருந்தது? கிழக்கின் எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படையினராக இரவு பகல் காவல் இருந்து காயப்பட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். குண்டுவெடிப்பிலும் எறிகணையிலும் அவயவங்களை இழந்த தமிழ், சிங்களப் பொதுமக்களும் இருக்கிறார்கள். எனது கடமைக் காலத்தில், முழங்காலுக்குக் கீழே கால் இல்லாத ஒருவர், அங்கவீனம் இன்னும் தொடர்கிறது என்று வைத்தியரிடம் புதிய கடிதம் வாங்கி வருமாறு ஓர் அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். வெட்டிய கால் மறு வருடம் முளைக்குமா?

மாற்ற வேண்டியவை பெரிய விடயங்கள் அல்ல. நிரந்தர அங்கவீனத்துக்கு ஒரே தடவை வைத்தியச் சான்றிதழ் போதுமாக இருக்க வேண்டும். அரச அலுவலகங்களில் இருக்கும் ஆவணத்தை விண்ணப்பதாரியிடம் கேட்காமல் அலுவலகங்களே தமக்குள் பெற்றுக்கொள்ள வேண்டும். யுத்தத்திலும் சுனாமியிலும் ஆவணம் இழந்தோருக்கு சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், பள்ளிவாசல் பதிவேடு போன்றவை ஆதாரமாக ஏற்கப்பட வேண்டும். நிராகரித்தால் காரணத்தை விண்ணப்பதாரியின் மொழியில் எழுத்தில் தர வேண்டும். மேன்முறையீட்டுக்கு முடிவு சொல்லும் கால எல்லையும் வேண்டும்.

2016இல் அங்கவீனமுற்றோரின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. 2018இல் இழப்பீட்டுக்கான அலுவலகச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சட்டம் இருக்கிறது. பணமும் அனுபவமும் நிறைந்த அமெரிக்கா, சந்தேகத்தின் பலனைத் தனது சிப்பாய்க்குக் கொடுக்கப் பல தசாப்தங்கள் எடுத்துக்கொண்டது. அவ்வளவு காலம் காத்திருக்க நமது முதியவர்களுக்கு ஆயுள் இல்லை. நமது பிரதிநிதிகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீதிக்குக் கொங்கிரீட் கேட்பதோடு இதையும் கேளுங்கள்.