உப்பளக் கரையில் தங்கி ஒரு தல யாத்திரை

வயது எழுபதைக் கடந்த பலர் தல யாத்திரையைக் கைவிடுவதற்குக் கால்வலி மட்டுமே காரணமன்று. உணவும் ஒரு காரணம். இரத்த அழுத்தம் உள்ளவருக்கு உப்பு ஆகாது. நீரிழிவு உள்ளவருக்கு நேரம் தவறக் கூடாது. விரதமும் ஆசாரமும் காப்பவருக்கு உணவகச் சாப்பாடு ஒத்துவராது.

முன்னோர் இதற்கு ஒரு வழி கண்டிருந்தனர். அரிசியும் பருப்பும் மூட்டை கட்டிச் சென்று, சத்திரத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்துண்டு, அடுத்த தலத்திற்குப் புறப்பட்டனர். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிச் சமையலறையுடன் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள், அந்தச் சத்திர மரபின் புதிய வடிவம் எனலாம்.

அவ்வாறு தங்குவதற்கு ஏற்ற பகுதி, விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம். சங்க நூலான சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பக்கிங்காம் கால்வாய் முடிவதும் இங்குதான். சாலையின் இருபுறமும் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். பாத்தியில் தேக்கிய உவர்நீர் வெயிலில் வற்ற, உப்பு வெண்மணிகளாகப் படிகிறது. தொழிலாளர்கள் விடியுமுன்பே வந்து அதை வாரிக் குவிக்கின்றனர். கழுவேலி ஏரிக்குப் பனிக்காலத்தில் தொலைதூரப் பறவைகள் வருகின்றன. 2021-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

ஊருக்குள்ளேயே பூமீஸ்வரர் ஆலயம் உள்ளது. சோழர் காலக் கல்வெட்டுகளைக் கொண்ட பழம்பெரும் சிவாலயம் அது. தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 32-இல் இறுதி மூன்றான திருவக்கரை, திருஅரசிலி, இரும்பை மாகாளம் ஆகியவற்றை இங்கிருந்து காரில் சென்று தரிசிக்கலாம். மூன்றும் திருஞானசம்பந்தர் பாடியவை. திருவக்கரையில் மும்முக லிங்கமும் வக்கிரகாளியம்மனும் சிறப்பு. பௌர்ணமியன்று கூட்டம் மிகுதி என்பதால் முதியோர் வேறு நாளைத் தேர்வது நலம். ஒழிந்தியாம்பட்டு என வழங்கும் அரசிலியையும், கடுவெளிச் சித்தர் வரலாற்றோடு இணைந்த இரும்பையையும் மற்றொரு நாளில் காணலாம். நாளுக்கு ஒரு தலம் என வைத்துக்கொண்டால் உடல் தளராது.

முன்பணம் செலுத்துமுன் சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். எரிவாயு உருளை வாடகையில் அடங்குமா? அசைவம் சமைக்காத பாத்திரங்கள் கிடைக்குமா, அல்லது சொந்தப் பாத்திரம் எடுத்துச் செல்ல வேண்டுமா? கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? படுக்கையறை தரைத்தளத்தில் உள்ளதா? மருத்துவமனை எவ்வளவு தொலைவு? கடலோர நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கும். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் நல்ல நீருக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைப் புயல் காலம். தை, மாசி மாதங்கள் உகந்தவை. இக்கடலில் அலையின் இழுப்பு வலிது. அமாவாசைத் தர்ப்பணத்திற்குச் செல்வோரும் கரையிலேயே நீரைத் தலையில் தெளித்துக்கொள்வது போதும்.

இன்னொன்றும் உண்டு, அதைக் குடும்பத் தலைவர்கள் கவனிக்க வேண்டும். நாற்பது ஐம்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்ற அம்மையார், யாத்திரையிலும் அங்கேயே நின்றால், அவருக்கு அது யாத்திரை ஆகுமா? கணவர் கோபுரம் கண்டு திரும்ப, மனைவி குழம்பு கூட்டிக் காத்திருப்பது புண்ணியக் கணக்கில் சேராது. காலையில் அவலும் பழமும், மதியம் ஒரே பாத்திரத்தில் பருப்புச் சாதம், இரவில் கஞ்சி என எளிமையாக வைத்துக்கொள்ளலாம். காய் நறுக்குவதும் பாத்திரம் துலக்குவதும் ஆடவர் பங்காகட்டும். இருவரும் சேர்ந்து நடை திறக்கும் நேரத்தில் சந்நிதியில் நிற்பதே பயன்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பு விளையும் ஊரில் தங்கி, உப்பைக் குறைத்து உண்பது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்தில் ஒப்பிலியப்பன் உப்பில்லாத நைவேத்தியத்தையே உவந்து ஏற்கிறான். பூமிதேவி உப்பு மறந்து சமைத்தாலும் குறை காணேன் என்று வாக்களித்து மணந்தவன் அவன் என்பது தல வரலாறு. சமைப்பவரிடம் குறை காணாத அந்தப் பெருமாளின் குணம் ஒவ்வொரு இல்லத்திலும் அமைந்துவிட்டால், உப்பில்லாக் கஞ்சியும் பிரசாதமே.