மெர்க்குரி பரிசும் தமிழ்க் குரல்களும்

பிரித்தானிய, அயர்லாந்துக் கலைஞர்கள் ஓராண்டில் வெளியிடும் இசைத்தொகுப்புகளுள் (ஆல்பம்) மிகச் சிறந்த ஒன்றுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படுவது மெர்க்குரி பரிசு ஆகும். பிரித்தானிய ஒலிப்பதிவுத் தொழில் அமைப்பும் இசைத்தட்டு விற்பனையாளர் சங்கமும் இணைந்து 1992இல் இதனைத் தொடங்கின. பெயரைப் பார்த்துப் புதன் கோளையோ பாதரசத்தையோ நினைக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் பொருளுதவி செய்த மெர்க்குரி கம்யூனிகேஷன்ஸ் என்ற தொலைபேசி நிறுவனத்தின் பெயர் அது. நிறுவனம் மறைந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஸ்ரீபெரும்புதூர்த் தொடர்பு

2016 முதல் 2021 வரை இவ்விருது ‘ஹூண்டாய் மெர்க்குரி பரிசு’ என்றே அழைக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை அமைத்து, 1998இல் சான்ட்ரோ காரை வெளியிட்ட அதே ஹூண்டாய்தான். இங்கே தயாரான ஐ10 கார்கள் 2008 முதல் சில ஆண்டுகள் கப்பலேறி இங்கிலாந்துச் சாலைகளிலும் ஓடின.

என்னிடம் படித்து, இப்போது ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் பார்க்கும் ஒருவர், கைப்பேசியில் அந்தப் பெயரைக் கண்டு வியந்து என்னிடம் காட்டினார். “நம்ம ஊர் கம்பெனி பேரு லண்டன் பாட்டுப் பரிசுல இருக்கு சார். நம்ம ஆளுங்க யாராவது அதுல இருக்காங்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

தேர்வு முறையும் வாக்குவாதமும்

ஒலிப்பதிவு நிறுவனங்கள் கட்டணம் செலுத்தித் தம் இசைத்தொகுப்புகளை அனுப்புகின்றன. இசைக்கலைஞர்கள், வானொலித் தொகுப்பாளர்கள், திறனாய்வாளர்கள் அடங்கிய நடுவர் குழு அவற்றிலிருந்து வழக்கமாக 12 தொகுப்புகளைக் கொண்ட இறுதிப் பட்டியலை வெளியிடும். பரிசளிப்பு நாளன்றே நடுவர்கள் கூடி வெற்றியாளரை முடிவு செய்கிறார்கள். ஹூண்டாய் பொருளுதவி செய்த ஆண்டுகளில் பரிசுத்தொகை 25,000 பவுண்டு.

எத்தனை பிரதி விற்றது என்பதை நடுவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ராக், ஜாஸ், நாட்டுப்புறப் பாட்டு, ராப், மின்னணு இசை ஆகிய எல்லாம் ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்படுகின்றன. கர்நாடகக் கச்சேரியையும் கானாப் பாட்டையும் திரையிசையையும் ஒரே மேடையில் நிறுத்தி ஒருவருக்கு மாலை போடச் சொன்னால் என்ன ஆகும்? அதுதான் அங்கே ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. 1994இல் பிளர், பல்ப் ஆகிய குழுக்களைத் தாண்டி எம் பீப்பிள் என்ற நடன இசைக்குழு வென்றதை ராக் ரசிகர்கள் நெடுங்காலம் மன்னிக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு ஜாஸ் தொகுப்பைப் பேருக்குச் சேர்த்துவிட்டுப் பரிசை மட்டும் கொடுப்பதில்லை என்ற குறையும் நீண்ட நாள் இருந்தது. 2023இல் எஸ்ரா கலெக்டிவ் என்ற ஜாஸ் குழு வென்ற பிறகே அது ஓய்ந்தது. ஹெவி மெட்டல் ரசிகர்களின் மனக்குறை இன்னும் தீரவில்லை.

தெற்காசிய வேர் கொண்டவர்கள் 1990களின் இறுதியில் இப்பட்டியலில் அடுத்தடுத்து இடம்பெற்றனர். 1998இல் ஏஷியன் டப் ஃபவுண்டேஷன், கார்னர்ஷாப் ஆகிய குழுக்கள் வந்தன. 1999இல் தபேலாக் கலைஞர் தல்வின் சிங் ‘ஓகே’ என்ற தொகுப்புக்காகப் பரிசையே வென்றார். 2000இல் நிதின் சாஹ்னியின் ‘பியாண்ட் ஸ்கின்’ பட்டியலில் இருந்தது.

சுசீலா ராமன் (2001)

தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, சிறு வயதிலேயே கர்நாடக இசை பயின்றவர் சுசீலா ராமன். இவருடைய முதல் தொகுப்பான ‘சால்ட் ரெயின்’ 2001 இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. தியாகராசரின் ‘நகுமோமு’, மைசூர் வாசுதேவாசாரியாரின் ‘மாமவது’ ஆகிய கீர்த்தனைகள் கிடாருடனும் பலநாட்டுத் தாளக் கருவிகளுடனும் இதில் ஒலிக்கின்றன. சபாக்களில் கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் நெருடும். எனக்கும் நெருடியது. ஆனால் இராகத்தின் சாயலை விடாமல் பிடித்துக்கொண்டு வேறொரு மனநிலையை உண்டாக்குகிறார் என்பதை இரண்டாம் முறை கேட்கும்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஒன்று தெலுங்கு, மற்றொன்று வடமொழி. பாடகியின் வேர்தான் தமிழ்.

அவ்வாண்டு கொரில்லாஸ் குழு தன்னைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி கேட்டுக்கொண்டது. பரிசளிப்பு நாள் 2001 செப்டம்பர் 11. வெற்றி பெற்ற பி.ஜே. ஹார்வி அன்று வாஷிங்டனில் இருந்தார். பென்டகன் தாக்கப்பட்ட அந்நாளில் தொலைபேசி வழியாகவே பரிசை ஏற்றார். பட்டியலில் இருந்த மற்றவர்களைப் பற்றிப் பேச அன்று யாருக்கும் மனமிருந்திருக்காது.

மாதங்கி அருள்பிரகாசம் (2005)

எம்.ஐ.ஏ. என்ற மேடைப் பெயரால் அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தந்தை ஈரோஸ் இயக்கத்தின் நிறுவனர்களுள் ஒருவர். இயக்கத்தில் அவர் பெயர் அருளர். போர்ச் சூழலில் தாயும் பிள்ளைகளும் இடம்பெயர்ந்து சில காலம் சென்னையிலும் வாழ்ந்து, 1986இல் அகதிகளாக லண்டன் திரும்பினர். பிறந்த ஊருக்கே அகதியாகத் திரும்பிய சிறுமி! அங்கேதான் அவர் ஆங்கிலம் கற்றார். பின்னர் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்தார்.

2005இல் வந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரையே ‘அருளர்’ எனச் சூட்டினார். பெரும்பாலும் தாளப்பெட்டி போன்ற ஒரு சிறு மின்னணுக் கருவியில் உருவான இசை இது. இதில் போரும் குடியேற்றமும் லண்டன் தெருப்பேச்சும் கலந்திருக்கும். ‘சன்ஷவர்ஸ்’ பாடலில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைக் குறிக்கும் சொல் வந்ததால் எம்டிவி அதன் காணொளியை ஒளிபரப்பத் தயங்கியது. வன்முறையை அழகுபடுத்துகிறார் என்றனர் ஒரு சாரார். போரைப் பார்த்த பிள்ளை போரைத்தானே பாடும் என்றனர் மறு சாரார். இசையின் பெருமை உடன் பணியாற்றிய ஆண் தயாரிப்பாளர்களுக்கே போய்ச் சேர்வதை அவரே பின்னர்ப் பேட்டிகளில் கடிந்துகொண்டார்.

அவ்வாண்டுப் பட்டியலில் கோல்ட்பிளே, பிளாக் பார்ட்டி, கைசர் சீஃப்ஸ் முதலிய பெயர்களும் இருந்தன. பரிசு ஆண்டனி அண்ட் த ஜான்சன்ஸ் குழுவின் ‘ஐ ஆம் அ பேர்ட் நவ்’ தொகுப்புக்குச் சென்றது. உடனே எழுந்தது வேறொரு சண்டை. இக்குழுவின் பாடகர், பின்னாளில் அனோனி என்ற பெயரை ஏற்றவர், இங்கிலாந்தின் சிச்செஸ்டரில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். குழு இயங்கியதோ நியூயார்க்கில். இவர் பிரித்தானியரா என்று போட்டியிட்ட குழுவினரே வெளிப்படையாகக் கேட்டனர். விதிப்படி இவர் தகுதியுடையவரே.

யார் பிரித்தானியர்?

மாணவர்கள் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒருவர் ஒரு நாட்டைச் சேர்ந்தவர் என்பதைப் பிறப்பு தீர்மானிக்கிறதா, கடவுச்சீட்டா, வாழ்ந்த காலமா? 2005இல் பிறப்பும் குடியுரிமையும் போதுமானவையாக இருந்தன. 2020இல் இதற்கு நேர் எதிரான வழக்கு வந்தது. ஜப்பானில் பிறந்து, குழந்தைப் பருவம் முதல் சுமார் 25 ஆண்டுகள் பிரிட்டனில் வாழ்ந்த ரீனா சவயாமா, நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர். ஜப்பானிய குடியுரிமையை வைத்திருந்ததால் அவருடைய தொகுப்பு போட்டிக்கே ஏற்கப்படவில்லை. ஜப்பான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. எனவே ஒன்றைப் பெற மற்றொன்றைத் துறக்க வேண்டும். அவர் இதைப் பொதுவெளியில் சொன்னபோது ரசிகர்கள் பெருமளவில் துணை நின்றனர். 2021 பிப்ரவரியில் விதி மாற்றப்பட்டது: ஐந்தாண்டுகளுக்கு மேலாக நிரந்தரமாக வாழ்பவரும் இனிப் போட்டியிடலாம். ரசிகர்களின் வாக்குவாதம் எல்லாமே வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்தியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியக் கடவுச்சீட்டை விடாமல் பல்லாண்டு லண்டனில் வாழும் பாடகர் ஒருவர் தனியாகத் தொகுப்பு வெளியிட்டால், பழைய விதிப்படி அவருக்கும் கதவு அடைத்தே இருந்திருக்கும்.

பட்டியலில் வராத ‘கலா’

மாதங்கியின் இரண்டாம் தொகுப்பான ‘கலா’ அவருடைய தாயின் பெயரைத் தாங்கி 2007 ஆகஸ்டில் வந்தது. தமிழர் காதுக்கு ‘அருளர்’ தொகுப்பைவிட நெருக்கமானது இதுதான் என்பது என் கருத்து. ‘பேர்ட் ஃப்ளூ’ பாடலில் அதிர்வது நம் ஊர்த் திருவிழாக்களில் கேட்கும் உறுமி. ‘பாம்பூ பாங்கா’வில் இளையராசாவின் ‘தளபதி’ படப் பாடலான ‘காட்டுக்குயிலு’ துண்டாக வந்துபோகிறது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் இடம்பெற்று உலகெங்கும் பரவியது. அதே படத்துக்காக ஏ.ஆர். ரகுமானுடன் அவர் உருவாக்கிய ‘ஓ சாயா’ ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. ஆயினும் ‘கலா’வின் காலத்துக்குரிய 2008 மெர்க்குரி இறுதிப் பட்டியலில் அத்தொகுப்பு இல்லை. எல்போ குழு வென்ற ஆண்டு அது.

ஒரகடத்து மாணவருக்கு ‘பேர்ட் ஃப்ளூ’வை அனுப்பி வைத்தேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் கேட்டாராம். “இது எங்க ஊர் ஆடி மாசம் சார்” என்று பதில் வந்தது.