கணுக்காலில் ஒரு காவலாளி

அமெரிக்காவில் குற்றத்தில் சிக்கிய பதினைந்து வயதுப் பையனைச் சிறார் இல்லத்தில் அடைக்காமல், கணுக்காலில் ஒரு கருவியை மாட்டி வீட்டுக்கே அனுப்பிவிட நீதிபதியால் முடியும்.

உள்ளங்கை அளவேயான அந்தக் கறுப்புப் பெட்டி, ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வைத்துப் பையன் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு, செல்போன் கோபுரம் வழியாகக் கண்காணிப்பு மையத்துக்குச் சொல்லும். பள்ளிக்குப் போக அனுமதி உண்டு. நண்பன் வீட்டுப் பக்கம் திரும்பினால் எச்சரிக்கை பறக்கும். பட்டையை வெட்டினாலும் தெரிந்துவிடும், உள்ளே ஓடும் ஒளியிழையோ மின்கம்பியோ அறுந்துபோகும் என்பதால்.

தொல்லை சார்ஜில்தான். பெரும்பாலான கருவிகளுக்குத் தினமும் சார்ஜ் ஏற்றியாக வேண்டும். காலைவிட்டுக் கழற்ற முடியாததால், பிளக் பாயிண்ட் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மறந்து தூங்கிவிட்டால் அதுவும் விதிமீறல். தடித்த கான்கிரீட் கட்டடத்துக்குள் சமிக்ஞை கிடைக்காமல் போனால், தப்பே செய்யாதவனும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் இந்தக் கருவி தண்டிப்பதற்காகப் பிறந்ததல்ல. 1960களில் ஹார்வர்டில் ரால்ஃப், ராபர்ட் ஷ்விட்ஸ்கெபெல் என்ற இரட்டைச் சகோதரர்கள், ஏவுகணைகளைப் பின்தொடரும் உபரிக் கருவிகளைக் கொண்டு இதன் முன்னோடியை உருவாக்கினார்கள். தண்டனையைவிடப் பரிசே நடத்தையை மாற்றும் என்ற உளவியலாளர் ஸ்கின்னரின் கருத்து அவர்களுக்கு வழிகாட்டி. குற்றப் பின்னணி கொண்ட இளைஞர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு, சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் இருந்தால் பீட்சா, முடிதிருத்தம், கச்சேரி டிக்கெட் இலவசம்! 1969இல் காப்புரிமையும் கிடைத்தது. வாங்கத்தான் ஆளில்லை.

1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கியில் ஜாக் லவ் என்ற நீதிபதி வழக்குகளில் கணுக்கால் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கினார். அவருக்கு யோசனை தந்தது ஸ்பைடர்மேன் சித்திரக்கதை. அதில் வில்லன் நாயகனின் கையில் தடங்காட்டும் காப்பு ஒன்றை மாட்டிவிடுவான். அறிவியல் வரலாற்றில் வில்லனிடம் யோசனை கேட்டவர்கள் அதிகமில்லை. பரிசு என்ற பேச்சு அத்தோடு போயிற்று. கண்காணிப்பு மட்டும் மிஞ்சியது.

பிறகு, பல ஊர்களில் கருவியின் வாடகையையும் பையனின் குடும்பமே கட்ட நேர்ந்தது. கலிபோர்னியா 2018 முதல் சிறார் வழக்குகளில் அந்தக் கட்டணத்தைத் தடைசெய்தது.

அடைத்து வைக்க வேண்டிய நிலையில் உள்ள சிறுவனுக்கு, குறைந்த காலத்துக்கு, இது சிறார் இல்லத்தைவிட மேல். கண்டித்து அனுப்பினாலே போதும் என்ற பிள்ளையின் காலிலும் இதைப் பூட்டுவதைத்தான் நீதிமன்றங்கள் நிறுத்த வேண்டும்.