மாவைப் பொங்கவைக்கும் மதுவம்

இரவிலே சிறிது கள் விட்டுக் கரைத்து வைத்த அப்பமா, விடியுமுன் பொங்கிச் சட்டியின் விளிம்பைத் தொடுவதை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். பாண் மாவுக்கு ஈஸ்ட் சேர்ப்பதும் இதன்பொருட்டே. இவ்விரண்டிடத்தும் தொழில் புரிவது மதுவம் என்னும் நுண்ணுயிர்.

மதுவம் காளான் இனத்தது. ஒரே கலமே அதன் முழுவுடல். குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் 200இல் ஒரு பங்கு. பச்சையம் இன்மையால் அது தன் உணவைத் தானே ஆக்க மாட்டாது. சீனியும் இளஞ்சூடும் வாய்ப்பின் தாய்க்கலத்தில் அரும்பு தோன்றி, ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் ஒன்று இரண்டாகும்.

இஃது உயிருள்ளதா என்பதே ஒருகாலத்திற் பெருவழக்காயிருந்தது. 1680இல் ஒல்லாந்தரான லீவன்ஹூக் இதனை நுணுக்குக்காட்டியிற் கண்டும் உயிரெனக் கருதினாரல்லர். நொதித்தலுக்கு உயிர் வேண்டியதில்லை என வாதித்தார் ஜெர்மானிய இரசாயனியான லீபிக். அது மதுவத்தின் வாழ்க்கைத் தொழிலே என 1860இல் நிலைநாட்டினார் பிரான்சு நாட்டுப் பாஸ்டர். பின்னர் 1897இல் புக்னர் மதுவத்தை அரைத்துப் பிழிந்தெடுத்த உயிரற்ற சாறும் சீனியை நொதிக்கச் செய்தது. உயிர்க்கலம் ஆக்கிய நொதியங்களே இவ்வேலையைச் செய்கின்றன என்பது அதனால் தெளிவாயிற்று. இக்கண்டுபிடிப்புக்காக 1907இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இனி, மதுவம் சத்தி பெறும் வகையை நோக்குவோம். காற்று உள்ளவிடத்து அது நம்மைப் போலச் சுவாசிக்க வல்லது. அப்பொழுது குளுக்கோசு முற்றாகச் சிதைந்து நீரும் காபனீரொட்சைட்டும் ஆகும். சத்தி நிரம்பக் கிடைக்கும். பிசைந்த மாவின் உள்ளே ஒட்சிசன் விரைவில் தீர்ந்துவிடும். நாமாயின் மூச்சுத் திணறி மாள்வோம். மதுவமோ வேறு வழியை மேற்கொள்ளும். குளுக்கோசை அரைகுறையாகச் சிதைத்து மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும். ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து ஏ.ரி.பி. என்னும் சத்திப்பொருளின் மூலக்கூறுகள் இரண்டே அதற்கு ஊதியம். சுவாசத்திலோ இதனிற் பன்மடங்கு. எஞ்சிய சத்தி மதுசாரத்திலேயே தங்கிவிடுகின்றது. ஸ்பிரிற்று விளக்கு எரிவது இதற்குச் சான்றன்றோ? ஆகவேதான் காற்றின்றி வாழும் மதுவம் மிகுதியான சீனியை அழிக்கின்றது. அன்றியும், தான் கழித்த மதுசாரம் நூற்றுக்குப் பதினைந்து பங்களவு சேரின், பெரும்பாலான மதுவங்கள் அதனாலேயே ஒடுங்கிவிடும்.

மதுவம் வெளிவிடும் வாயு கோதுமை மாவின் பசையில் அகப்பட்டுப் பாணை உப்பச் செய்கின்றது. மதுசாரத்திற் பெரும்பகுதி போறணைச் சூட்டில் ஆவியாகிவிடும். மதுவத்தைக் கொதிநீரிற் கரைத்தால் அது மாண்டுபோம், மாவும் பொங்காது. கைபொறுக்கும் வெந்நீரே தக்கது.

மாணவர்கள் ஒரு போத்தலில் இளவெந்நீர், சீனி, மதுவம் ஆகியவற்றை இட்டு, அதன் வாயிற் பலூனொன்றைப் பொருத்தி வைக்கலாம். சிறிது நேரத்தில் பலூன் நிமிர்ந்தெழும். போத்தலைத் தக்கையால் இறுக மூடலாகாது. வாயு அதனை வெடிக்கச் செய்தல் கூடும். சீனியிடாத போத்தலொன்றையும் அருகில் வைத்து ஒப்பிடுக. உணவின்றி உயிர்த்தொழில் நடவாது என்பதை அவ்விரு போத்தல்களும் தெளிவாக உணர்த்தும்.