லண்டன் உழவாரன் ஏன் மரத்தில் உட்காருவதில்லை?

மே மாதம் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் கூரைக்கு மேல் கிறீச்சென்ற கூச்சலோடு கருப்பாக ஏதாவது பாய்ந்தால், அது உழவாரன். அது மரக்கிளையில் உட்காருவதே இல்லை. கால் அமைப்பு அப்படி: விரல்கள் நான்கும் முன்னோக்கியவை. சுவரில் தொற்றலாம், கிளையைப் பற்ற முடியாது.

நம்மூர்க் கொண்டை உழவாரனும், மலேசியக் காடுகளில் வாழும் சின்னஞ்சிறு மீசை உழவாரனும் வேறு குடும்பம். அவற்றுக்குப் பின்விரல் உண்டு. ஜம்மென்று கிளையில் அமரும். கிளையோரம் எச்சிலால் ஒட்டிய கூட்டில் ஒரே முட்டை. கூடு அவ்வளவு சிறியது, அடைகாக்கும் பறவை வெறுங்கிளையில் இருப்பதாகவே தோன்றும்.

லண்டன் பறவைக்கோ வானமே வீடு. இதே இனம் 10 மாதம் தரையிறங்காமல் பறப்பதை ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் 2016-இல் காட்டினார்கள். முட்டையிட மட்டும் கூரை இடுக்கு வேண்டும். குளிருக்கு அஞ்சி அதையும் நாம் அடைத்துவிடுகிறோம். 2021-இல் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் அது சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? கூரைக்குக் கீழே, 5 மீட்டர் உயரத்துக்கு மேல், உள்ளே வெற்றிடமுள்ள கூட்டுச் செங்கல் ஒன்றைப் பதிக்கச் சொல்லுங்கள்.