தொட்டிக்குள் ஏன் இந்தச் சண்டை?

கிளிநொச்சியில் ஓர் அக்கா, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குக் குஞ்சு விற்கலாமென்று சீட்டுக் காசில் கண்ணாடித் தொட்டியும் ஏஞ்சல் மீன்களும் வாங்கினார். ஒரு கிழமைக்குள் மூன்று மீன்கள் செட்டை கிழிந்து இறந்தன. "பொல்லாத மீன், தங்கச்சி" என்றார்.

பொல்லாத மீன் அல்ல. ஏஞ்சலும், 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு இன்று எங்கள் குளங்களில் பிடிபடும் திலாப்பியாவும் சிக்லிட் குடும்பத்தவை. திலாப்பியாத் தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். ஏஞ்சலில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். கிட்ட வரும் மீனைத் துரத்தும். குளமென்றால் துரத்தப்பட்டது ஓடித் தப்பும். தொட்டியில் ஓட இடமில்லை.

"ஓம், செட்டிகுளம் முகாமில 2009இல தண்ணி வரிசையில நாங்களும் அடிபட்டனாங்கள்தானே" என்றார் அக்கா.

சகோதரிகளே, சோடி சேர்ந்த மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். வசதியில்லாவிட்டால் நடுவே பிளாஸ்டிக் வலையால் மறியுங்கள். உடைந்த மண்சட்டி, ஓடு, நீர்ச்செடி வைத்து மறைவிடம் அமையுங்கள். புதிய மீன் விடும்போது இவற்றை இடம் மாற்றினால் பழைய எல்லைகள் குழம்பும், சண்டை குறையும். சிறியதைப் பெரியதுடன் விடாதீர்கள். தீனியை இரு முனைகளிலும் போடுங்கள்.

அக்கா வலை கட்டினார். மிஞ்சிய மீன்களில் ஒரு சோடி, சாய்த்து வைத்த ஓட்டில் முட்டையிட்டது. முதல் முட்டைகளைத் தாங்களே தின்றன. இளஞ்சோடிகளில் இது வழமை. அடுத்த முறை குஞ்சுகள் நீந்தின.

மீனைக் குறை சொல்லுமுன், அதற்கு ஒதுங்க இடம் கொடுத்தோமா என்று பார்ப்போம்.