மஸ்லின் ஆடையும் மறைந்துபோன கைகளும்

இங்கிலாந்தில் இளவரசர் ஜோர்ஜ் தம் தந்தைக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பை வகித்த 1811–1820 காலப்பகுதி, வரலாற்றுக் காதல் நாவல்களுக்கு உவப்பான களமாகும். 1935இல் 'ரீஜன்சி பக்' நாவலை வெளியிட்ட ஜோர்ஜெற் ஹேயர் முதலாகப் பலர், அக்கால உடை, நடனம், வண்டி, விளிப்புமுறை ஆகியவற்றை நுணுகி ஆராய்ந்தே எழுதியுள்ளனர். அவ்வுழைப்பு மதிப்புக்குரியது. ஆயின், விவரத்தின் துல்லியம் மட்டும் வரலாற்று உண்மையாகிவிடுமா?

நாயகியின் வெண்மஸ்லின் ஆடையை நோக்குவோம். பிரித்தானியாவில் நெய்யப்பட்ட மஸ்லினுக்கான பஞ்சு பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்து அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. நாயகனின் காலுறைக்கும் ஒரு வரலாறுண்டு. நொட்டிங்காம் பகுதியிற் கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளர் காலுறை பின்னும் பொறிகளை உடைத்தனர். அச்செயலுக்கு மரணதண்டனை விதிக்கும் சட்டம் 1812இல் நிறைவேறிற்று. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தமது கன்னியுரையிலேயே அதனை எதிர்த்தார்.

நடன மண்டபத்து ஒழுக்கமுறைகளும் சொத்துறவுகளிலிருந்து பிரிக்கத்தக்கனவல்ல. மணமான பெண்ணின் அசையும் உடைமை பொதுச் சட்டப்படி கணவனுக்கே உரித்தாயிற்று. எனவே யார் யாரோடு பழகலாம் என்பது வெறும் நாகரிக வினாவன்று. அது சொத்துப் பற்றிய வினாவுமாகும். ஜேன் ஒஸ்ரின் இதனை நன்கறிந்திருந்தார். 1814இல் வெளியான 'மான்ஸ்பீல்ட் பார்க்' நாவலிற் சீமானின் செல்வத்துக்குப் பின்னே அன்ரிகுவாத் தோட்டம் நிற்கிறது.

ஆடையின் வெட்டையும் தையலையும் ஆராயும் எழுத்தாளர், அதனை நெய்தவர் எவர் என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினா காதற் கதையைக் கெடுக்காது. அக்காதலர் வாழ்ந்த உலகை முழுமையாக்கும்.